இடப்பக்கக் காலடியில் ஈரம்

காருக்குள் தண்ணீர் வந்தால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் பிழையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுத் தொடங்கினேன். இன்றைக்குப் பிரதான வீதியில் சொந்தக் காணியில் சொந்தக் கராச் இருக்கிறது. ஒருவரிடமும் கைநீட்டாமல் வந்தவன்.

எஞ்சின் பார்க்கப் பலர் இருக்கிறார்கள். தண்ணீர் பார்க்க ஆள் குறைவு. எஞ்சின் பழுதென்றால் அது சத்தம் போடும். தண்ணீர் சத்தம் போடாது. முன் கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்து பின் ஆசனத்தின் கீழே போய் நிற்கும். நனைந்த இடத்தைப் பார்த்து ஓட்டையைத் தேடுகிறவன் வாழ்நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது கடல். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலத்தில், உப்புத் தண்ணீரில் ஊறிய வாகனங்களை என் வளவுக்குள் இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கதவின் வயிற்றுக்குள் தண்ணீர், ஆசனத் தண்டவாளத்துக்குள் மண், கூரைத் துணிக்கு மேலே பாசி. பல வாகனங்களைக் கொண்டு வந்தவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள் இல்லை. சொந்தக்காரரின் பிள்ளைகள், மருமக்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஒரு வாகனத்துக்குள் எங்கெங்கே ஒளிக்கும் என்பதை அந்த மாதங்களில் என் கை படித்துக்கொண்டது. வேறு எங்கும் அதைப் படிக்க முடியாது.

அப்படிப்பட்ட என்னை ஒரு கார் திணறடித்தது. சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியாரின் வெள்ளைக் கார்.

ஹாஜியார் தன் காலத்தில் கொழும்புக்கு பஸ் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கை அசையும், ஆனால் ஒன்றையும் பிடிக்காது. இடது கால் அதுவுமில்லை. அவர் விழுந்த பிறகு அவருடைய மனைவி கார் ஓட்டப் பழகினார். ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அந்த வயதில், ஊர் என்ன கதைக்கும் என்று பாராமல், எல் போர்டைக் கட்டிக்கொண்டு கடற்கரை வீதியில் ஓட்டிப் பழகியதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். ஹாஜியாருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். ஓட்டோவில் கொண்டு போகலாம் என்று ஒரு முறை முயன்று, வளைவில் மனிசன் சரிந்து விழப்போய், அதோடு விட்டுவிட்டார்கள். பெல்ட் போட்டுச் சாய்த்து உட்கார வைக்க அந்தக் கார்தான் தோது. கார் இருந்தால் ஜும்ஆ. கார் இல்லையென்றால் கட்டில்.

மாரி நடுவில் ராத்தா காரைக் கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் ஊறிய சாக்கின் மணம் அடித்தது. முன்பக்கம், இடப்பக்கக் காலடியில் கார்பட்டை அழுத்தினேன். விரல்களுக்கு இடையில் தண்ணீர் ஏறியது.

"இந்த மணத்துக்கு எனக்குத் தொய்வு இழுக்குது, மூச்சு முட்டுது தம்பி. மகன் கட்டாரில இரிந்து தினமும் ஏசுறான். கீழ வயரெல்லாம் ஓடுதாம். நெருப்புப் புடிச்சா வாப்பாவ எப்பிடி இறக்குவீங்க எண்டு கேக்கிறான். சரிவராட்டி வித்துப்போடச் சொல்லுறான்" என்றார் ராத்தா.

"விக்கத் தேவல்ல. விடுங்க என்னட்ட."

கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பூட்டியிருக்கும் தட்டைக் கழற்றினேன். மழைத்தண்ணீர் இறங்கும் துவாரம் வேப்பம் இலையால் அடைத்து, உள்ளே சேறு கட்டியிருந்தது. வீட்டு வாசலில் வேம்பு நின்றால் கார் அப்படித்தான் ஆகும். அதைத் துப்புரவாக்கினேன். கண்ணாடி ரப்பர் ஒரு மூலையில் விறைத்திருந்தது. அதையும் மாற்றினேன். பிறகு ஒருவனைக் குழாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் டோர்ச்சோடு உள்ளே படுத்தேன். தண்ணீரைக் கீழேயிருந்து மேலே மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரக்காரன் மேலேயிருந்து அடிப்பான். எல்லா இடமும் நனையும், ஒன்றும் தெரியாது. ஒரு துளி வரவில்லை.

காரைக் கொடுக்கும்போது சொன்னேன், "இனி இதுக்குள்ள தண்ணி வந்தா நான் கராச்சப் பூட்டுறன், ராத்தா."

கோடை பிறந்தது. மண் வெடித்தது. ராத்தா திரும்ப வந்தார். அதே இடம், அதே ஈரம்.

"கராச்ச எப்ப பூட்டுறீங்க தம்பி?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

மழையில்லாத காலத்தில் காருக்குள் ஈரமென்றால் ஏசி. ஏசிக்குள் வேர்க்கிற தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குத்தி எடுத்தேன், தண்ணீர் நிலத்தில் சொட்டியது. நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கிழமை திரும்பவும் ஈரம். எஞ்சின் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று தொட்டுப் பார்த்தேன். அது விரலில் வழுக்கும், பிசுபிசுக்கும். இது வெறும் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் மாதிரி சுத்தமான தண்ணீர்.

காரை என்னிடமே வைத்துக்கொண்டேன். கழுவினேன், ஓட்டினேன், ஏசியைப் போட்டு வெயிலில் நிறுத்தினேன். கார்பட் அப்பளம் மாதிரிக் காய்ந்தது. வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சனிக்கிழமை ராத்தா அழைப்பு எடுத்தார்.

"நனைஞ்சிரிக்கி."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேலையாட்கள் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். ராத்தாவின் மகன் கட்டாரிலிருந்து என்னோடு நேரடியாகவே கதைத்தான். மரியாதையான பிள்ளை.

"மாமா, ஒங்கள்ல பிழையில்ல. அது பழைய கார். நிந்தவூரில ஒரு ஆள் கேக்கிறாரு. குடுத்திடுவம். உம்மாக்கு ஏலா."

"வாப்பா பள்ளிக்கு எப்பிடிப் போற?"

"நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லதானே மாமா. வீட்டுல தொழட்டும்."

அவன் சொன்னது மார்க்கப்படி சரி. நான் மறுத்துக் கதைக்கவில்லை. இரண்டு வெள்ளி பொறு என்று மட்டும் கேட்டேன். என் பெயரைக் காப்பாற்றத்தான் கேட்டேன் என்று அவன் நினைத்திருப்பான். பாதி உண்மைதான். மற்றப் பாதி வேறு. காரை எடுத்துப் போக வீட்டுக்குப் போனபோது ஹாஜியார் வாசலில் நாற்காலியில் இருந்தார். என் கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, "மகன் விக்கப்போறானாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையை விடவில்லை.

கார்பட்டை முழுவதும் தூக்கி, இரும்புத் தரையில் பிள்ளைகளுக்குப் போடும் பவுடரைத் தூவினேன். எஞ்சின் பக்கச் சுவரிலிருந்து ஆசனம் வரை, கதவுப் படியின் ஓரம் வரை. தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் பவுடரில் கோடு கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். கார்பட்டை மேலே விரித்து வியாழக்கிழமை கொடுத்தேன். சனிக்கிழமை போய்த் தூக்கிப் பார்த்தேன். சுவர் ஓரம் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. கதவு ஓரமும் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் பவுடர் குழைந்து களியாகக் கிடந்தது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்தும் ஓடி வரவில்லை. மேலேயிருந்து விழுந்திருக்கிறது.

"ராத்தா, காருக்குள்ள தண்ணி என்ன வெச்சிரிக்கீங்க?"

"அவருக்குக் குடிக்க ஒரு போத்தல். வரக்குள்ள வெறும் போத்தலாத்தான் இரிக்கும், குடிச்சிருவாரு. மத்தது சத்தி வந்தா எடுக்க ஒரு பேசின். வேறென்ன?"

வாந்திக்கு வைத்திருந்த அந்த பேசினை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். ஆசனத்தின் கீழே கிடக்கும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அடுத்த வெள்ளி, எனக்குக் கிடைத்த கடைசி வெள்ளி. நானும் உங்களோடு பள்ளிக்கு வருகிறேன் என்று அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். போய்ச் சேரும்போது ராத்தா அவரை ஏற்றி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பின் ஆசனத்தில் ஏறினேன். ஹாஜியாருக்கு நான் வருவது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கார் நகர்ந்ததும் அவருக்குள் இருந்த பஸ் சாரதி எழும்பிவிட்டார்.

"கிளச்ச மெதுவா விடு. நானும் எத்தினையோ வருசம் பஸ் ஓட்டினன். ஒரு நாளும் கிளச் இப்பிடி அழுததில்ல."

"ஓம், அந்த பஸ்ஸில ஆக்கள்தான் அழுத" என்றார் ராத்தா.

"ஆட்டுக்கு ஏன் ஹோர்ன் அடிக்கிற? அது படிச்ச ஆடா?"

"ஒங்கள விட அது சொல்லுக் கேக்கும்."

பள்ளியின் பக்கவாசலில் நிழல் பார்த்து நிறுத்தினார். ஹாஜியாரை ஏற்றிப் போகச் சக்கர நாற்காலி ஒன்று பள்ளிக்குள் இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு வரும் ஆளைக் கூப்பிட ராத்தா இறங்கிப் போனார். ஹாஜியார் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ போ தம்பி. போய் முன் வரிசை சஃபுல இடம் புடி."

"நான் ஒங்களோட வாறன்."

"கொஞ்சம் வெளியால நில்லன்."

"என்னத்துக்கு?"

அவர் பள்ளிப் பக்கம் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், என்னை இல்லாத ஆளாக நினைத்துக்கொண்டு, வலது கையால் கதவைத் திறந்தார். ஆசனத்தின் கீழேயிருந்து பேசினை இழுத்து மடியில் வைத்தார். போத்தலைக் கதவுப் பையில் சரித்து வைத்துக் கையைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். தொழுகைக்கு முன்னால் செய்கிற வுழூ. ஒரு கையால், ஒரு துளி உடுப்பில் படாமல், அவ்வளவு கவனமாகச் செய்தார்.

"வீட்டுல வுழூ செய்யல்லையா ஹாஜியார்?"

"செஞ்சன். செஞ்சிட்டுத்தான் கார்ல ஏறின."

"மறுகா ஏன் திரும்ப?"

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவ தூக்கி ஏத்தக்குள்ள கை பட்டிருது" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் ஷாபி மத்ஹப் என்கிற மார்க்கச் சட்ட வழியில் நடப்பவர்கள். கணவன் மனைவி தோலோடு தோல் பட்டால் இருவருக்கும் வுழூ முறிந்துவிடும். இடையில் துணி இருந்தால் முறியாது.

"ராத்தா துவாய் சுத்திப் புடிக்கிறாவே. நான் கண்டிரிக்கன்."

"சுத்தித்தான் புடிப்பா. நான் சரியக்குள்ள கழுத்தில கையப் போடாட்டி ரெண்டு பேரும் விழுந்திருவம். அந்த நேரம் துவாய் எங்க கெடக்கு, கை எங்க கெடக்கு எண்டு அவக்கென்ன தெரியும்? எனக்குத் தெரியும்."

"சொல்லலாந்தானே?"

"சொன்னா என்னத் தொடவே பயப்புடுவா தம்பி. என்னால இவர்ர வுழூ முறியுது எண்டு பொழுதெல்லாம் அதையே நினைப்பா. மறுகா, வீட்டுல தொழுங்க எண்டுவாங்க. மகன் அதத்தானே சொல்லுறான்."

சொல்லிவிட்டு வலது காலை இடது காலுக்கு மேலால் வெளியே நீட்டிக் கழுவினார். பிறகு பேசினைக் குனிந்து இடது காலடியில் வைத்தார். வலது கையால் முழங்காலைத் தூக்கிப் பாதத்தை பேசினுக்குள் விட்டார். நிமிர்ந்து போத்தலை எடுப்பதற்குள் கால் தானாகச் சரிந்து பேசினுக்கு வெளியே போய்விட்டது. அவருக்கு அது தெரியவில்லை. மேலேயிருந்து தண்ணீரை ஊற்றினார். பாதத்தின் முதுகில் விழுந்து அப்படியே கார்பட்டுக்குள் இறங்கியது.

எத்தனை மாதம் நான் தேடிய தண்ணீர்! என் கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

"ஹாஜியார், கால் பேசினுக்குள்ள இல்ல."

"என்ன?"

"வெளியால கெடக்கு."

குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். வேறு ஒருவருடைய காலைப் பார்ப்பது மாதிரி.

"அந்தக் காலுல சூடும் தெரியா, குளிரும் தெரியா" என்றார். "தண்ணி ஊத்தினா பட்டிரிக்கும் எண்டு நினைக்கிறதான்."

கார் நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டது இதுதான்:

"குதிகால் நனைஞ்சிரிக்கா? தொட்டுப் பாரு."

நான் இறங்கிச் சுற்றி வந்து, குனிந்து, குதிகாலைத் தொட்டேன். காய்ந்து வெடித்த குதிகால். ஒரு சொட்டு ஈரமில்லை. காலில் ஒரு முடியளவு இடம் நனையாமல் விட்டாலும் அது வுழூ ஆகாது என்று எங்களுக்கு ஓதித் தந்திருக்கிறார்கள். பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"இல்ல ஹாஜியார்."

"அப்ப இவ்வளவு நாளும் தொழுத…"

கண்ணாடிக்கு வெளியே பள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓதலும் குறைவு, படிப்பும் குறைவு. ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒங்களுக்குத் தெரியாததுக்கு அல்லாஹ் புடிக்க மாட்டான். இப்ப தெரிஞ்சிட்டு. இப்ப கழுவுவம்."

போத்தலில் மிச்சமிருந்ததை நான் வாங்கிக்கொண்டேன். வீதியில், வெள்ளைச் சாறனோடு, முழங்காலில் நின்றேன். அந்தக் காலைக் கையில் ஏந்தினேன். நான் நினைத்ததை விடப் பாரம். விரல்களுக்கு இடையில், கரண்டையைச் சுற்றி, குதிகாலில், எல்லா இடமும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுவினேன். ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இந்த ஊரில் நான் குனிந்து நின்று அவர்கள் பார்த்ததில்லை. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

நாற்காலி வந்தது. பின்னால் வந்த ராத்தா என் நனைந்த சாறனைப் பார்த்தார்.

"தண்ணி எங்கால வாறதெண்டு கண்டுட்டன் ராத்தா. இனி நனையாது" என்றேன்.

"எங்கால?"

"போத்தல் சரிஞ்சிரிக்கி."

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் போனார்.

அன்று மாலை மகனோடு கதைத்தேன். "வெளியால வாற தண்ணியில்ல மகன், உள்ளுக்க சிந்தின தண்ணி. அடுத்த வெள்ளியும் பாரு. நனைஞ்சா நிந்தவூர் ஆளுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்." அவனுக்கு வேறு வழியில்லை. என் சொல்லுக்கு ஒரு நிறை இருக்கிறது. சரி என்றான்.

அடுத்த வெள்ளி நேரத்தோடு போனேன். ஹாஜியார் வீட்டில் வுழூ செய்து, நாற்காலியில் தயாராக இருந்தார். இரண்டு கால்களும் நனைந்து பளபளத்தன. ராத்தா துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நான் தூக்கிறன் ராத்தா."

"ஏன்? இவ்வளவு நாளும் நான்தானே தூக்கின?"

"ஒங்களுக்குத் தொய்வு. நான் சும்மாதானே நிக்கிறன். இனி வெள்ளிக்கு வெள்ளி நான் வாறன்."

நான் நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஆசிரியை. எத்தனையோ பிள்ளைகள் சொன்ன காரணங்களைக் கேட்ட காது. என்னை விட்டுவிட்டு ஹாஜியாரைப் பார்த்தார். அவர் வேம்பைப் பார்த்தார். ராத்தாவின் கண் அவருடைய நனைந்த கால்களுக்குப் போனது. பிறகு தன் கைக்குப் போனது.

"கை பட்டதா?" என்று கேட்டார், அவரிடம்.

ஹாஜியார் வேம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கிறன்தானே."

"ஓம்."

"ஒவ்வொரு முறையுமா?"

"விழுந்திராம இரிக்கத்தானே புடிச்ச நீ."

ராத்தா துவாயைக் கழற்றி மடித்தார். மூலைக்கு மூலை சேர்த்து, மெதுவாக, நாற்காலியின் முதுகில் போட்டார். பிறகு விலகி நின்றார். நான் ஹாஜியாரின் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினேன். பெல்ட்டை மாட்டினேன். ராத்தா ஏறி எஞ்சினை எடுத்தார். வழியில் ஹோர்ன் அடித்தார், கிளச் அழுதது. பள்ளிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் இருவரும் கதைக்கவில்லை. பேசின் ஆசனத்தின் கீழே காய்ந்தபடி கிடந்தது. நான் கவலைப்பட்டது காரைப் பற்றியில்லை. கார் இனி நனையாது, மகனும் விற்க மாட்டான். அது எனக்குத் தெரியும். இந்த மனிசிக்குத் தெரியக் கூடாது என்று அவர் இவ்வளவு பாடுபட்டதை நான் ஒரு வாசலில் வைத்து உடைத்துப்போட்டேனோ என்றுதான் இருந்தது.

தொழுது முடித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் நான் இறங்கி, அவருடைய பக்கக் கதவைத் திறந்து, தூக்கக் குனிந்தேன்.

"நீங்க விடுங்க தம்பி" என்று பின்னால் ராத்தாவின் குரல் வந்தது.

"பாரம் ராத்தா."

"எனக்குத் தெரியாத பாரமா? இப்ப தொழுது முடிஞ்சிதானே. இனி என்ன முறியப் போகுது?"

நான் விலகினேன். ராத்தா சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டினார். வெறுங்கையை ஹாஜியாரின் கழுத்துக்குப் பின்னால் கொடுத்தார். ஹாஜியார் வலது கையால் ராத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா" என்றார். "அந்தக் கிளச்ச விடுற மாதிரி விட்டிராத."

"வாயப் பொத்திக்கிட்டு இறுக்கிப் புடிங்க" என்றார் ராத்தா.